மூளை நீர்த்தேக்கம், குருத்தணு: சொல் விளக்கம்

பச்சிளங்குழந்தையின் தலைச் சுற்றளவு அளவுக்கு மீறி வேகமாகக் கூடினாலோ, உச்சிக்குழி புடைத்து நின்றாலோ, கருவிழிகள் எப்போதும் கீழ்நோக்கியே இருந்தாலோ மருத்துவர் ஸ்கேன் எடுக்கச் சொல்வார். அறிக்கையில் ‘கன்ஜெனிட்டல் ஹைட்ரோசெபாலஸ்’ என்று வரும். பிறகு வீட்டில் யாராவது செல்பேசியில் தேடி ‘ஸ்டெம் செல் தெரபி’ என்ற தொடரையும் கண்டெடுப்பார்கள். இரண்டையும் தமிழில் எப்படிச் சொல்வது?

ஹைட்ரோசெபாலஸ் கிரேக்கத்திலிருந்து வந்தது. ‘ஹுடோர்’ என்றால் நீர், ‘கெஃபலே’ என்றால் தலை. சிலர் ‘நீர்த்தலை’ என்று எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நோய்க்கு வைக்கிற பெயர் குழந்தைக்குப் பட்டப்பெயராக ஒட்டிக்கொள்ளக் கூடாது.

பேச்சுவழக்கில் ‘தலையில் நீர் கோத்திருக்கு’ என்பார்கள். சளி பிடித்து முகமும் நெற்றியும் கனத்தாலும் இதையேதான் சொல்கிறோம். சித்த மருத்துவத்தில் நீர்க்கோவை என்பது அந்தத் தலைபாரத்தைத்தான் குறிக்கும். நீர்க்கோவை மாத்திரையை இழைத்து நெற்றியில் பற்றுப் போடுவது இன்றும் உண்டு. குழந்தையின் மூளைக்குள் அழுத்தம் ஏறிக்கொண்டிருக்கும்போது வீட்டில் பற்றுப் போட்டுக் காத்திருக்க இந்தச் சொல் இடம் கொடுத்துவிடும். ஆகவே ‘நீர்க்கோவை’ வேண்டாம்.

‘மூளை நீர்த்தேக்கம்’ என்பதே பொருத்தம். மூளைக்குள் நீர் இருப்பது நோயில்லை. மூளையின் நடுவே ஒன்றோடொன்று இணைந்த நான்கு அறைகள் உள்ளன. அங்குள்ள குருதிக்குழல் பின்னல்கள் மூளைத்தண்டுவட நீரைச் சுரந்துகொண்டே இருக்கின்றன. பெரியவர்களுக்கு நாளொன்றுக்குச் சுமார் அரை லிட்டர் சுரக்கும். ஆனால் எந்த நேரத்திலும் மூளையிலும் தண்டுவடத்தைச் சுற்றியும் சேர்த்து இருப்பது ஏறத்தாழ 150 மில்லிலிட்டர்தான். மீதி அவ்வப்போது இரத்தத்தில் வடிந்துவிடுகிறது. வழி அடைபட்டால் தேங்கும். மூன்றாம் அறைக்கும் நான்காம் அறைக்கும் இடையிலுள்ள கால்வாய்தான் மிகக் குறுகிய இடம். 1910-களில் அமெரிக்காவின் பால்டிமோரில் மருத்துவர்கள் வால்டர் டேண்டியும் கென்னத் பிளாக்ஃபானும் நாய்களில் அந்தக் கால்வாயை அடைத்து, அதற்கு மேலே உள்ள அறைகள் வீங்குவதைக் காட்டினார்கள். ‘தேக்கம்’ என்ற சொல் இந்த இயக்கத்தைச் சரியாகச் சொல்கிறது.

‘கன்ஜெனிட்டல்’ என்பதற்கு ‘பிறவி’ போதும். ஆனால் பிறவி வேறு, பரம்பரை வேறு. கருவில் ஏற்பட்ட தொற்றோ இரத்தக்கசிவோகூடப் பிறவி நீர்த்தேக்கத்துக்குக் காரணமாகலாம். மரபணு மாற்றம் இருந்தாலும் அது பெற்றோரிடமிருந்து வந்ததாகவே இருக்கவேண்டியதில்லை, குழந்தையிடம் புதிதாகவும் தோன்றியிருக்கலாம். பிறவி என்றதும் தாயின் குடும்பத்தில் குற்றம் தேடுவது தவறு.

அடுத்தது ஸ்டெம் செல், அதாவது தானும் நிலைத்திருந்து புதிய வகை அணுக்களையும் பிறப்பிக்கும் உயிரணு. இப்பெயர் ஜெர்மன் மொழியின் ‘ஸ்டாம்ட்ஸெல்லெ’ என்பதன் ஆங்கில வடிவம். ஜெர்மன் உயிரியலாளர் எர்ன்ஸ்ட் ஹெக்கல் 1868-இல் இச்சொல்லைப் பயன்படுத்தியபோது, எல்லா உயிர்களுக்கும் மூதாதையான ஓரணு உயிரியையே குறித்தார். ‘ஸ்டாம்’ என்றால் அடிமரம். குலம், கால்வழி என்றும் பொருள் உண்டு. ஜெர்மனில் குலமரபு மரத்துக்கு ‘ஸ்டாம்பௌம்’ என்று பெயர். பின்னர் அவரே கருவுற்ற முட்டைக்கும் இச்சொல்லை வழங்கினார். 1909-இல் ரஷ்ய அறிவியலாளர் அலெக்சாண்டர் மாக்சிமோவ் எல்லா இரத்த அணுக்களுக்கும் பொதுவான தாயணுவுக்கு இதே பெயரைச் சொன்னார். ஆக, ஆங்கிலத்தின் ‘ஸ்டெம்’ முதலில் குறித்தது வமிசத்தின் அடிமரத்தை.

தமிழில் தண்டணு, மூல உயிரணு, குருத்தணு என மூன்றும் புழங்குகின்றன. ‘தண்டணு’ ஆங்கிலத்தின் நேர்ப்பெயர்ப்பு. மூளையைப் பற்றிப் பேசும்போது அது குழப்பும். மூளைத்தண்டு, தண்டுவடம் என்று ஏற்கெனவே உறுப்புகள் இருக்க, ‘தண்டணு’ அவற்றின் அணு என்றுதான் தோன்றும். ‘மூல உயிரணு’ ஹெக்கலின் கருத்துக்கு மிக நெருக்கம், பிழையில்லை. ஆனால் சாதாரணப் பேச்சில் ‘மூலம்’ வேறொரு நோயின் பெயர்.

நான் தேர்வது ‘குருத்தணு’. வாழையிலும் தென்னையிலும் புது இலை விரிவது குருத்திலிருந்துதான். தென்னையில் குருத்தழுகல் நோய் முற்றினால் மரமே போய்விடும், பக்கத்தில் வேறு கிளை துளிர்க்காது. தானும் நிலைத்திருந்து, புதிய வகை அணுக்களையும் பிறப்பிப்பது என்ற இரட்டை வேலையை இச்சொல் உணர்த்துகிறது. ‘அணு’ என்பது இப்போது வேதியியலுக்குரிய சொல்லாயிற்றே என்பார்கள். சிவப்பணு, வெள்ளணு, விந்தணு எல்லாம் வழக்கில் இருக்கின்றனவே. குருத்தெலும்போடு தொடர்பில்லை என்பதை மட்டும் முதல்முறை எழுதும்போது சொல்லிவிட வேண்டும்.

இந்த இரண்டு சொற்களும் ஒரே நோயில் சந்திக்கும் இடம் ஒன்று உண்டு. கருவில் மூளையின் நரம்பணுக்கள் பெரும்பாலும் பிறப்பது அந்த நீரறைகளின் சுவரில். நரம்புக் குருத்தணுக்கள் அடுக்கி நிற்பது அங்கேதான். அமெரிக்காவில் கிறிஸ்டோபர் கேல் குழுவினர் 2018 முதல் வெளியிட்டு வரும் மரபணு ஆய்வுகள், சில குழந்தைகளில் இக்குருத்தணுக்களை நெறிப்படுத்தும் மரபணுக்களே பழுதுபட்டிருப்பதைக் கண்டன. அவற்றுள் ஒன்றை எலிகளில் மாற்றிப் பார்த்தபோது போதிய நரம்பணுக்கள் உருவாகவில்லை. மூளைச் சுவர் மெலிந்து, இளகி, எங்கும் அடைப்பு இல்லாமலே அறைகள் விரிந்தன. அத்தகைய குழந்தைகளுக்கு நீர் பின்னால் வந்தது, குருத்தின் குறை முன்னால் வந்தது. ஷண்ட் குழாய் வைத்து நீரை வயிற்றுக்குத் திருப்பிய பிறகும் சிலருக்கு வளர்ச்சித் தாமதம் ஏன் தொடர்கிறது என்பதற்கு இது ஒரு விடை. உயிரைக் காப்பது இன்றும் அந்தக் குழாயும், மூன்றாம் அறையின் தரையில் துளையிடும் எண்டோஸ்கோப்பி அறுவையும்தான்.

கடைசியாக, ‘தெரபி’. இதை ‘சிகிச்சை’ என்று பெயர்ப்பதில்தான் எனக்குப் பெரும் கவலை. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் பிறவி நீர்த்தேக்கம் உள்ள 76 குழந்தைகளுக்கு குருத்தணுக்கள் அடங்கிய அவரவர் தொப்புள்கொடி இரத்தமே செலுத்தப்பட்டது. 2015-இல் வெளியான முடிவு, இதைச் செய்ய முடிகிறது, உடனடி ஆபத்து தென்படவில்லை என்ற அளவில் நின்றது. மூளை குணமானது என்று அது நிறுவவில்லை. தென்கொரியாவில் மூளை அறைகளுக்குள் இரத்தம் கசிந்த 9 குறைமாதக் குழந்தைகளுக்குத் தொப்புள்கொடி இரத்தத்திலிருந்து வளர்த்த குருத்தணுக்களைச் செலுத்திய 2018-ஆம் ஆண்டு ஆய்வும் பாதுகாப்பைச் சோதித்த முதற்கட்டமே. எனவே இன்றைக்குச் சரியான தொடர் ‘பிறவி மூளை நீர்த்தேக்கத்துக்கான குருத்தணு ஆய்வு’ என்பதுதான்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதலும் இந்த வேறுபாட்டின் மேல்தான் நிற்கிறது. சில இரத்த நோய்கள் போன்றவற்றுக்கு இரத்தக் குருத்தணுக்களை மாற்றிப் பொருத்துவது மட்டுமே அதில் ஏற்கப்பட்ட சிகிச்சை. மற்றவை அனைத்தும் பதிவுசெய்த மருத்துவ ஆய்வாக மட்டுமே நடக்கலாம், அதில் சேரும் நோயாளியிடம் கட்டணம் வாங்கக் கூடாது. பல லட்ச ரூபாய்க்கு ‘ஸ்டெம் செல் சிகிச்சை பேக்கேஜ்’ என்று யாராவது சொன்னால், ஆய்வுப் பதிவு எண்ணை எழுதித் தரச் சொல்லுங்கள்.