எண்ணிமமாக்கமா, மின்மயமாக்கமா?

ஓலைச்சுவடிகள் மின்மயமாக்கப்படுகின்றன என்ற தொடர் நாளிதழ்களிலும் விழா அழைப்பிதழ்களிலும் ஓயாமல் வந்துகொண்டிருக்கிறது. ஆங்கிலத்தின் 'டிஜிட்டைசேஷன்' என்பதைத்தான் மின்மயமாக்கம் என்றும் மின்னாக்கம் என்றும் இப்படித் தமிழாக்குகிறார்கள். மின்மயமாக்கலுக்குத் தமிழில் ஏற்கெனவே திட்டமான பொருள் உண்டு. சென்னைக் கடற்கரை–தாம்பரம் இருப்புப்பாதை 1931இல் மின்மயமானது என்றால் யாருக்கும் ஐயம் எழாது. அதே சொல்லைச் சுவடியின்மேல் ஏற்றும்போது, நடப்பது இன்னதென்பதே படிப்பவருக்கு மறைந்துபோகிறது.

அந்த ஆங்கிலச் சொல்லின் பிறப்பு எளியது. இலத்தீனில் 'டிஜிட்டுஸ்' என்றால் விரல். விரல்விட்டு எண்ணும் வழக்கத்தால் அது ஆங்கிலத்தில் 'டிஜிட்' என்றாகித் தனி இலக்கத்தைக் குறித்தது. கணிப்பொறிகள் வந்தபின் 'டிஜிட்டல்' இன்றைய பொருளைப் பெற்றது. ஆகவே டிஜிட்டைசேஷன் என்பது ஒன்றை எண்களின் வரிசையாக மாற்றிவைப்பது. அதில் கருவாக நிற்பது எண்; மின்சாரம் அன்று.

மின்னஞ்சலும் மின்னூலும் நிலைத்துவிட்டனவே, மின்னாக்கம் மட்டும் ஏன் ஆகாது என்று கேட்பவர்கள் உண்டு. அவ்விரண்டும் 'எலக்ட்ரானிக்' என்பதற்கு ஈடாக வந்தவை. ஒரு பொருளுக்குப் பெயராக நிற்பவை. நாம் தேடுவதோ ஒரு செயலுக்கான பெயர். பழைய தெருக்கூத்துப் பதிவு ஒன்று ஸ்பூல் டேப்பில் இருப்பதாகக் கொள்வோம். கூத்தரின் குரலை மைக் மின்னோட்டமாக மாற்றியது. அந்த மின்னோட்டம் நாடாவில் காந்தப் பதிவாகப் படிந்தது. அதாவது, மின்னின் வேலை பதிவு செய்த அன்றே முடிந்துவிட்டது. இன்று ஆவணக்காப்பாளர் அந்த நாடாவை ஓடவிட்டு, குறுந்தகட்டுத் தரத்தில் என்றால் நொடிக்கு 44,100 முறை ஒலியலையை அளந்து, ஒவ்வோர் அளவையும் எண்ணாக எழுதிவைக்கிறார். புதிதாக வந்து சேர்ந்தது எண் ஒன்றே. வீடியோ கேசட்டுக்கும் இதே நிலைதான். ஓலையை மட்டும் மனத்தில் வைத்துச் சொல்லாக்கியவர்கள் ஒலிநாடாவையும் ஒளிநாடாவையும் எண்ணிப் பார்க்கவில்லை. பண்பாட்டு மரபுரிமை பல்லூடகமாகத் திரட்டப்படும் காலத்தில் இது சிறிய குறையன்று. டிஜிட்டல் மரபுரிமையைப் பாதுகாப்பது குறித்து யுனெஸ்கோ 2003இல் ஏற்ற சாசனம், பழையவற்றிலிருந்து மாற்றப்பட்டவற்றோடு, கணினியிலேயே பிறந்தவற்றையும் மரபுரிமையாகக் கொள்கிறது. பின்னவற்றை எதிலிருந்து மின்மயமாக்குவது?

இனி, எதைச் சொல்வது? 'எண்ம' என்பதில் எட்டு என்னும் பொருள் குறுக்கிடுகிறது. எண்மர் என்றால் எட்டுப் பேர். 'இலக்கமுறை' பிழையற்றது, ஆனால் அதிலிருந்து வினை ஆக்குவது கடினம். சிங்கப்பூரில் வழங்கும் 'மின்னிலக்கம்' எண்ணை விடாமல் பிடித்திருக்கிறது என்பதற்காகவே மதிக்கத்தக்கது. முன்னொட்டு மட்டும் மிகை. ஈழத்து ஆவணங்களைத் திரட்டிவரும் நூலகம் நிறுவனத்தைச் சூழ்ந்தவர்களிடம் இயல்பாகப் புழங்கும் 'எண்ணிமம்' என்பதே என் தேர்வு. எண் என்னும் வேர் அதில் வெளிப்படையாகத் தெரிகிறது. எண்ணிமமாக்கு, எண்ணிமமாக்கம், எண்ணிம மரபுரிமை என்று தடையின்றிக் கிளைக்கவும் செய்கிறது.

மொழிபெயர்ப்பாளர்களிடம் எனக்கு இன்னொரு மனக்குறையும் உண்டு. ஓலையைத் துடைத்து, எழுத்து தெரியும்படி கரி தடவி, ஒளிப்படம் எடுத்தாலும் மின்னாக்கம் என்கிறார்கள். தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாக வெளியிட 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் தன்னார்வலர்கள் செய்ததுபோல நூலை எழுத்தெழுத்தாகத் தட்டச்சு செய்தாலும் மின்னாக்கம் என்கிறார்கள். முன்னதில் ஒரு சொல்லைக்கூடத் தேடி எடுக்க முடியாது. பின்னதில் ஏட்டின் தோற்றமும் ஓரக்குறிப்பும் கிடைக்கமாட்டா. இத்தனை பக்கங்கள் முடிந்தன என்று அறிக்கை வரும்போது எது முடிந்தது என்பது ஆய்வாளருக்குத் தெரியவேண்டும். எண்ணிமமாக்கம் என்ற சொல்லும் தனியே நின்று இதைத் தீர்த்துவிடாது. பதிப்பாசிரியர்கள் மூலத்தின் சொற்களைப் பாடம் என்றே காலங்காலமாகக் குறித்துவருகிறார்கள். அதைக்கொண்டு பட எண்ணிமமாக்கம், பாட எண்ணிமமாக்கம் என்று இரண்டையும் பிரித்தே எழுதலாம்.