கண்டிஷனிங்: ஆக்கநிலையிறுத்தமா, நிபந்தனைப்படுத்தலா?

பேச்சுத் தமிழில் ‘கண்டிஷன்’ இரண்டு பொருளில் புழங்குகிறது. ‘வண்டி நல்ல கண்டிஷன்ல இருக்கு’ என்றால் நிலை. ‘வீட்டுக்காரர் ஏகப்பட்ட கண்டிஷன் போடுறார்’, ‘கண்டிஷன் பெயில்ல வெளியே வந்திருக்கார்’ என்றால் நிபந்தனை. பிளஸ் ஒன் உளவியலில் கற்றல் பாடத்தைத் திறந்ததும் எதிர்ப்படும் கண்டிஷனிங் (பழக்கத்தால் உயிரியிடம் ஒரு செயல் பதிவது) என்ற கலைச்சொல்லைத் தமிழாக்கியவர்களும் இந்த இரண்டு பொருளுக்கு நடுவேதான் பிரிந்து போனார்கள். தமிழ்நாட்டு பி.எட். நூல்களிலும் ஆசிரியர் தகுதித் தேர்வு வழிகாட்டிகளிலும் அது ‘ஆக்கநிலையிறுத்தம்’. ஆக்கப்பட்ட ஒரு நிலையில் உயிரியை நிறுத்துவது என்று அதைப் பிரித்துப் பொருள் கொள்ளலாம். இலங்கையின் கல்வி உளவியல் நூல்களில் ‘நிபந்தனைப்படுத்தல்’. இவற்றுள் சொல்லின் பிறப்புக்கு நெருக்கமானது இலங்கை வழக்குதான்.

சொல் பிறந்தது ரஷ்ய மொழியில். இவான் பாவ்லோவ் செரிமானத்தை ஆராய்ந்தவர். 1904-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததும் அந்த ஆய்வுக்காகத்தான். நாயின் உமிழ்நீர் நாளத்தின் வாயை அறுவை செய்து கன்னத்தின் வெளிப்புறமாகத் திருப்பி வைத்து, வடியும் உமிழ்நீரை அளந்தார்கள். உணவு வாயில் படும் முன்பே, உணவு கொண்டுவருபவரைக் கண்ட அளவிலேயே உமிழ்நீர் வடிந்தது. வாயில் உணவு பட்டதும் சுரப்பது பிறவியிலேயே அமைந்த அனிச்சைச் செயல். அதற்கு முன்னதாகச் சுரப்பதோ நாயின் அனுபவத்தைப் பொறுத்தது. பிறவியில் அமைந்ததை ‘பெஸ்உஸ்லோவ்னி’ என்றும் அனுபவத்தைப் பொறுத்ததை ‘உஸ்லோவ்னி’ என்றும் பாவ்லோவ் பிரித்தார். நிபந்தனையற்றது, நிபந்தனைக்கு உட்பட்டது என்பதே இவற்றின் நேர்ப்பொருள். ரஷ்யச் சொல்லின் உள்ளே ‘ஸ்லோவோ’ இருக்கிறது. அதற்குச் ‘சொல்’ என்று பொருள். கண்டிஷனின் மூலமான லத்தீன் சொல்லும் ‘சேர்ந்து சொல்’ என்ற வினையிலிருந்து வந்ததே. பேசி வைத்துக்கொண்ட உடன்பாடு என்பதே இரண்டுக்கும் அடி. நம் ‘நிபந்தனை’ வடமொழியின் ‘கட்டு’ என்ற வேரிலிருந்து வந்தது.

ஆங்கிலத்துக்குப் போகும்போது சொல் சற்றுப் பிசகியது. ‘கண்டிஷனல்’ என்று நின்றிருக்க வேண்டியது ‘கண்டிஷண்ட்’ ஆனது. 1927-இல் வெளிவந்த பாவ்லோவின் உரைகளின் ஆங்கில மொழிபெயர்ப்பு அந்த வடிவத்தையே நிலைக்கச் செய்தது. ‘கண்டிஷண்ட்’ என்றதும் யாரோ ஒருவர் எதையோ பிடித்துப் பழக்கியது போன்ற பொருள் வந்துவிடுகிறது. தமிழ்நாட்டு வழக்கின் ‘ஆக்கநிலை’ இந்த ஆங்கில வடிவத்தின் நிழல்.

இந்தப் பிசகு மாணவருக்கு எங்கே இடிக்கிறது? ‘மறைதல்’ என்ற பகுதியில். ஒவ்வொரு முறையும் மணியடித்து உணவு கொடுத்துப் பழக்கினால், நாய்க்கு மணியோசைக்கே உமிழ்நீர் சுரக்கும். இப்போது மணி ஒலிக்கிறது, உணவு வரவில்லை. மீண்டும் ஒலிக்கிறது, மீண்டும் வரவில்லை. உமிழ்நீர் படிப்படியாகக் குறைந்து நின்றுவிடும். ‘ஆக்கி நிறுத்திய நிலை ஏன் கலைகிறது?’ என்று மாணவர் திகைப்பார். நிபந்தனைக்கு உட்பட்டது என்று படித்தவருக்கு இதில் திகைப்பே இல்லை: நிபந்தனை போனது, துலங்கலும் (தூண்டலுக்கு உயிரி காட்டும் எதிர்வினை, இங்கே உமிழ்நீர்) போனது. ஆனால் அடியோடு அழிவதில்லை. சிறிது ஓய்வு கொடுத்து மணியை மறுபடி ஒலித்தால் குறைந்த அளவில் உமிழ்நீர் திரும்பும். இதுவே ‘தன்னியல்பு மீட்சி’. விடைத்தாளில் மறைதலை ‘மறத்தல்’ என்று எழுதுபவர்கள் மதிப்பெண் இழப்பது இதனால்தான். மறைதலில் தூண்டல் (இங்கே மணியோசை) முன்னால் வந்து, எதிர்பார்த்தது தொடராமல் போக வேண்டும். காலம் கடந்ததால் மங்குவது வேறு.

இனி தூண்டலுக்கும் துலங்கலுக்கும் இடும் நான்கு பெயர்கள். சில வழிகாட்டிகள் உணவை ‘இயற்கைத் தூண்டல்’ என்றும் மணியோசையை ‘செயற்கைத் தூண்டல்’ என்றும் எழுதுகின்றன. மணிக்கும் உணவுக்கும் இது பொருந்துவதுபோல் தெரியும். மின்னலுக்கும் இடிக்கும் பொருத்திப் பாருங்கள். மின்னல் வெட்டியதும் குழந்தை காதைப் பொத்திக்கொண்டு சுருங்குகிறது. இடியோசை நிபந்தனையற்ற தூண்டல். அந்தப் பேரொலிக்குத் திடுக்கிடுவது நிபந்தனையற்ற துலங்கல். மின்னல் நிபந்தனைக்குட்பட்ட தூண்டல். மின்னலைக் கண்டு சுருங்குவது நிபந்தனைக்குட்பட்ட துலங்கல். இங்கே மின்னலும் இயற்கைதான், இடியும் இயற்கைதான். ‘இயற்கை–செயற்கை’ என்று மனப்பாடம் செய்தவர் இந்த இடத்தில் தடுமாறியே தீர்வார். உணவிலேயே கூட இந்தப் பிரிப்பு நிற்காது. பாவ்லோவின் ஆய்வகத்தில் பால் மட்டும் கொடுத்து வளர்த்த நாய்க்குட்டிகளுக்கு இறைச்சியைக் காட்டியபோது உமிழ்நீர் சுரக்கவில்லை. இறைச்சியைத் தின்று பார்த்த பிறகுதான் சுரந்தது. ஆகவே இறைச்சியின் தோற்றமும் மணமும் நிபந்தனைக்குட்பட்ட தூண்டல்களே. நிபந்தனையற்றது வாயில் பட்ட உணவு மட்டும்தான். மாங்காய்க் கீற்றில் உப்பும் மிளகாய்த்தூளும் தடவியதைக் கண்டு நாவூறுவதும் அதைத் தின்று பழகியவருக்கே.

இன்னொரு குழப்பம்: இரண்டு துலங்கலும் உமிழ்நீர்தானே, பெயர் ஏன் இரண்டு? எதனால் சுரந்தது என்று கேட்டுப் பெயர் வையுங்கள். உணவால் என்றால் நிபந்தனையற்றது. மணியால் என்றால் நிபந்தனைக்குட்பட்டது. பழக்குவதற்கு முன் இருக்கும் மணியை மட்டும் ‘நடுநிலைத் தூண்டல்’ என்று எழுத வேண்டும். ‘முன், போது, பின்’ என மூன்று வரிசையில் படம் போடச் சொன்னால் முதல் வரிசையிலேயே மணிக்கு நிபந்தனைக்குட்பட்ட தூண்டல் என்று பெயரிடுவது மிகப் பரவலான பிழை.

வரிசையும் இடைவெளியும் முக்கியம். ஒலி முதலில் தொடங்கி, அது நீடிக்கும்போதே உணவு வருவது பொதுவாக நன்றாகப் பதியும். உணவை முதலில் கொடுத்துவிட்டு மணியடித்தால் பெரும்பாலும் பதியாது. மனிதரின் கண்சிமிட்டல் சோதனைகளில் ஏற்ற இடைவெளி ஏறத்தாழ அரை வினாடி. ஆனால் சுவை இதற்கு விலக்கு. அமெரிக்க உளவியலாளர் ஜான் கார்சியா 1960-களில் எலிகளைக் கொண்டு செய்த ஆய்வுகளில், சுவைத்து மணிக்கணக்கில் கழித்துக் குமட்டல் வந்தாலும் அந்தச் சுவையை எலி ஒதுக்கியது. ஒருமுறை ஒத்துக்கொள்ளாத உணவு பிறகு வாசனையிலேயே குமட்டுவது இந்த வகையைச் சேர்ந்தது.

பாவ்லோவின் இந்த வகைக்கு (கிளாசிக்கல் கண்டிஷனிங்) இடும் ‘பழமை ஆக்கநிலையிறுத்தம்’, ‘பண்டைய நிபந்தனைப்படுத்தல்’ என்ற பெயர்களின் அடைமொழிகள் இரண்டுமே எனக்கு நிறைவாக இல்லை. ‘கிளாசிக்கல்’ என்ற பெயரை 1940-இல் அமெரிக்க உளவியலாளர்கள் ஹில்கார்டும் மார்க்விஸும் வைத்தார்கள். பாவ்லோவின் மூலமுறை, முன்மாதிரி என்பதே கருத்து. காலாவதியானது என்ற வாடை அதில் இல்லை. ‘பாவ்லோவிய’ என்று அடைமொழி இட்டால் சிக்கலே இல்லை; உளவியலாளர்களும் அப்படி எழுதுகிறார்கள்.

அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னர் 1930-களில் ‘ஆபரண்ட்’ என்று பெயரிட்ட மற்ற வகை, தமிழ்நாட்டில் ‘செயல்படு ஆக்கநிலையிறுத்தம்’, இலங்கையில் ‘தொழிற்பாட்டு நிபந்தனைப்படுத்தல்’. எலி நெம்புகோலை அழுத்தினால் உணவு விழும், அழுத்தாவிட்டால் விழாது. பாவ்லோவின் நாய்க்கோ, உமிழ்நீர் சுரந்தாலும் சுரக்காவிட்டாலும் உணவு வந்தே தீரும். தேர்வில் ஒரு நிகழ்வைக் கொடுத்து ‘எந்த வகை?’ என்று கேட்டால், ‘செய்தால்தான் கிடைக்குமா, செய்யாவிட்டாலும் வருமா?’ என்ற ஒரே கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலான வினாக்கள் அதிலேயே தீர்ந்துவிடும்.

சமூகவியல் சேர்த்துப் படிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே வரும் ‘சமூகமயமாதல்’ இதன் மறுபெயர் அல்ல. குடும்பம், பள்ளி, ஒத்த வயதினர், ஊடகம் வழியாக விதிகளையும் மதிப்புகளையும் உள்வாங்குவது அது. பரிசும் தண்டனையும் அதில் ஒரு பங்கு வகிக்கலாம். பார்த்துக் கற்பதும் மொழியும் அதைவிட அகலமானவை.

எந்தச் சொல்லை எழுதுவது? தமிழ்நாட்டுத் தேர்வில் தலைப்புக்கு ‘ஆக்கநிலையிறுத்தம்’ என்றே எழுதுங்கள்; திருத்துபவர் தேடும் சொல் அது. தூண்டலுக்கும் துலங்கலுக்கும் அடைமொழி இடும்போது மட்டும் ‘இயற்கை–செயற்கை’யை விட்டுவிட்டு ‘நிபந்தனையற்ற’, ‘நிபந்தனைக்குட்பட்ட’ என்று எழுதுங்கள். கொள்குறி வினாவில் பழைய சொற்களே தெரிவுகளாக வந்தால், ‘இயற்கை’ என்று இருப்பதை நிபந்தனையற்றதாகப் படித்துக்கொண்டு விடையைக் குறியுங்கள்.