எதிர்முனையிலிருந்து வரும் குரல்

ஜப்பானின் சாலைச் சந்திப்புகளில் பச்சை விளக்கு எரியும்போது பறவைக் குரல் ஒலிப்பது ஏன் என்று, டோக்கியோ சென்று வந்த வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். பார்வையற்றோருக்கு இப்போது கடக்கலாம் என்று அறிவிப்பது அதன் முதல் வேலை. கோழிக்குஞ்சின் ‘பியோ’, குக்கூப் பறவையின் ‘கக்கோ’ என்னும் இரு ஒலிகள், குறுக்கிடும் இரு சாலைகளில் எதைக் கடக்கலாம் என்பதைப் பிரித்துக் காட்டுகின்றன. ஆனால், தடம் விலகாமல் நேராக மறுபுறம் சேர்வதற்கு இந்தத் தகவல் போதாது.

நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும் ஒலி, பக்கவாட்டிலிருந்து வந்தால் இரு காதுகளையும் எட்டுவதற்கிடையே சுமார் 0.6 மில்லிநொடிதான் இடைவெளி. அதில் அறுபதில் ஒரு பங்கையும் கண்டுகொள்ளும் மூளை, அமைதியான சூழலில், நேர்முன்னே எழும் ஒலியின் திசையை ஏறக்குறைய ஒரு பாகைத் துல்லியத்தில் கணித்துவிடும். 20 மீட்டர் அகலச் சாலையின் மறுமுனையில் ஒரு பாகை என்பது வெறும் 35 சென்டிமீட்டர்! சாலை இரைச்சலில் துல்லியம் குறைந்தாலும், வழிகாட்ட அது தாராளம்.

இரு முனைகளும் ஒருசேர ஒலித்தால் இத்திறன் வீணாகும். அருகிலுள்ள ஒலிபெருக்கியின் உரத்த ஒலியில் எதிர்முனை ஒலி அமிழ்ந்துவிடும். ஆகவே ஒரு முனை ‘பியோ’ என்று ஓய்ந்ததும், மறுமுனை ‘பியோ பியோ’ என்று விடையளிக்கிறது. நடப்பவருக்குப் பின்னாலுள்ள குரல் தேய, முன்னாலுள்ளது வலுக்கிறது. 2003இல் ஜப்பானின் தேசியக் காவல் முகமை இம்முறைக்கே முன்னுரிமை தந்தது. நீண்டு இழுக்கும் இசையைவிட, சட்டென்று தொடங்கும் சிற்றொலிகளே திசையறிய ஏற்றவை. ஒவ்வொரு தொடக்கமும் இரு காதுகளின் நேரத்தை ஒப்பிட மூளைக்குப் புதிய வாய்ப்பு. அமெரிக்க விதிமுறை பறவைகளை விடுத்து, 880 ஹெர்ட்ஸ் மேலோங்கிய தட்டொலியை நொடிக்கு 8 முதல் 10 முறை ஒலிக்கச் சொல்வதும் இதனால் பொருந்துகிறது.

அக்கம்பக்கத்தாரின் தூக்கம் கெடுகிறதென்று ஜப்பானில் பல இடங்களில் இரவில் இவ்வொலியை நிறுத்திவிடுகிறார்கள். இதை என்னால் ஏற்க இயலவில்லை. சுற்றுப்புற இரைச்சலை ஒலிவாங்கியால் அளந்து, அதைவிட 2 முதல் 5 டெசிபல் மட்டுமே கூடுதலாக ஒலிக்கும் கருவிகள் இருக்கின்றன. ஊர் உறங்கும் நேரத்தில் அவை தாமாகவே குரலைத் தாழ்த்திக்கொள்ளும்.