புஷ் போல்: கணிப்பு அன்று, புறங்கூற்று

அமெரிக்க அதிபர் தேர்தல் பற்றிய தமிழ்ச் செய்திகளில் கருத்துக்கணிப்பு என்ற பெயரில் வாக்காளர்களை அழைத்து ஒரு வேட்பாளரைப் பற்றிய பழியைப் பரப்பும் ‘புஷ் போல்’ (push poll) என்பதை ‘உந்துக் கருத்துக்கணிப்பு’ என்று எழுதும் வழக்கம் திருத்தப்பட வேண்டியது. அந்தச் சொல், ஓர் அவதூற்று உத்திக்கு ஆய்வு என்ற மதிப்பை அளித்துவிடுகிறது.

‘போல்’ என்பதற்கு ஆங்கிலத்தில் தலை என்பதே பழம்பொருள். தலைகளை எண்ணுதல் வாக்கெடுப்பாகி, பின்னர்க் கருத்துக்கணிப்பையும் குறித்தது. ‘புஷ்’ என்பது வாக்காளரை ஒரு வேட்பாளரிடமிருந்து விலக்கித் தள்ளுதல். தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றாகத் தோன்றினாலும், முன்னாள் அதிபர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ்ஷின் பெயருக்கும் இச்சொல்லுக்கும் தொடர்பில்லை. இதைச் சொல்லக் காரணம், இதற்கு எப்போதும் காட்டப்படும் எடுத்துக்காட்டில் அவரும் இடம்பெறுவதுதான்.

2000ஆம் ஆண்டு குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் போட்டியில், பிப்ரவரி 1 அன்று நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் செனட்டர் ஜான் மெக்கெய்ன் புஷ்ஷை 18 விழுக்காட்டுப் புள்ளிகளுக்கும் மேலான வேறுபாட்டில் வென்றார். அடுத்த பெருங்களமான தென் கரோலினாவில், பெயர் சொல்லாத தொலைபேசி அழைப்புகள் வாக்காளர்களின் வீடுகளுக்கு வந்தன. மெக்கெய்னுக்கு முறைதவறிப் பிறந்த கறுப்பினக் குழந்தை ஒன்று உண்டு என்று தெரிய வந்தால் நீங்கள் அவருக்கு வாக்களிக்கும் வாய்ப்பு கூடுமா, குறையுமா என்று கேட்கப்பட்டதாகப் பரவலாகப் பதிவாகியுள்ளது. உண்மையில் அக்குழந்தை, வங்கதேசத்தின் ஆதரவற்றோர் இல்லத்திலிருந்து அவர் குடும்பம் தத்தெடுத்த மகள். பிப்ரவரி 19 அன்று அங்கு நடந்த வாக்கெடுப்பில் புஷ் 53 விழுக்காடும் மெக்கெய்ன் 42 விழுக்காடும் பெற்றனர். அந்த அழைப்புகளில் தமக்குப் பங்கில்லை என்று புஷ் தரப்பு மறுத்தது.

அந்தக் கேள்வி எதையும் அறிவிக்கவில்லை. ‘தெரிய வந்தால்’ என்ற நிபந்தனைக்குள் பழியைப் பொதிந்து செவியில் இட்டுவிடுகிறது. விடை யாருக்கும் தேவையில்லை. உண்மையான கணிப்பு சில நூறு பேரையோ ஓராயிரம் பேரையோ முறைப்படி தேர்ந்து, பல கேள்விகள் கேட்டு, விடைகளைத் தொகுக்கும். இதுவோ ஓரிரு கேள்விகளோடு இயன்றவரை அதிகமான வாக்காளர்களை எட்டிவிட்டு, தொகுப்பதற்கு எதையும் வைத்துக்கொள்வதில்லை.

இத்தகைய செயலுக்கு ‘உந்துக் கருத்துக்கணிப்பு’ எவ்வாறு பொருந்தும்? தமிழ்த் தொகைச்சொல்லில் பெரும்பாலும் பின்னிற்கும் சொல்லே பொருளின் வகையைச் சுட்டும். ஆகவே படிப்பவர் இதைக் கணிப்பில் ஒரு வகை என்றே கொள்வார். வினைத்தொகையில் வல்லினம் மிகாது. சுடுகாடு, ஊறுகாய் ஆகியவற்றை அறிந்தவர் ‘உந்து’வுக்குப் பின் ‘க்’ என்ற ஒற்றெழுத்தை இட்டிருக்க மாட்டார். இலக்கணப் பிழையினும் பெரியது பொருட்பிழை. உந்துதல், உந்துசக்தி என்றெல்லாம் நாம் ஊக்கத்தைக் குறிக்கப் பயன்படுத்தும் சொல், ஒருவரின் மகளைக் காட்டி இனவெறுப்பைக் கிளறிய செயலுக்கு அடைமொழியாகலாமா? ‘புஷ்’ என்றால் ‘உந்து’ என்று அகராதியில் கண்டவுடன் எழுதிவிட்டு, அந்தச் செயல் எப்படி நடக்கிறது என்று பார்க்காமல் நகர்வதே இன்றைய செய்தி மொழிபெயர்ப்பின் பெருங்குறை.

‘போலிக் கருத்துக்கணிப்பு’ இதைவிடத் தெளிவானது; ஆனால் எவரையும் கேட்காமல் எண்களைப் புனைந்து வெளியிடுவதற்கே அச்சொல்லை ஒதுக்கி வைப்பது நல்லது. இங்கே எண்களே இல்லை.

என் பரிந்துரை ‘புறங்கூற்று வினவல்’. ஒருவர் இல்லாத இடத்தில் அவரைப் பழித்தலைப் புறங்கூறல் என்கிறோம். திருக்குறள் அதைக் கடிய ஓர் அதிகாரமே வகுத்துள்ளது. சொல்லப்படுவது பொய்யாகத்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் அச்சொல்லில் இல்லை. இது முக்கியம், ஏனெனில் பாதி உண்மையைத் திரித்தும் இந்த அழைப்புகளைச் செய்ய முடியும். ‘அவதூறு’ என்றால் அந்தப் பாதி விடுபட்டுப்போகும். ‘வினவல்’ கேள்வி வடிவத்தைக் காட்டுகிறது, கணிப்பு என்ற தகுதியைத் தருவதில்லை. நீளமாக இருக்கிறது என்று கருதும் செய்தியாசிரியர், தலைப்பில் ‘புறங்கூற்று அழைப்பு’ என்று இடலாம்.