பிரவுசர் அப்டேட்டை நிறுத்தி வைக்காதீர்கள்

மேலூரில் ஒரு அரிசி ஆலை, சிம்மக்கல்லில் ஒரு மொத்தக்கடை, இப்போது திருமங்கலத்தில் ஒரு பிரவுசிங் சென்டர். போகிற இடமெல்லாம் இதே பேச்சு: "அப்டேட் ஆனதும் பில் போடுற சைட் ஓடலண்ணே, அதான் அப்டேட்டையே நிறுத்திட்டோம்." அதே கம்ப்யூட்டரில்தான் நெட்பேங்கிங்கும் நடக்கிறது!

அப்டேட்தான் சைட்டைக் கெடுக்கிறது என்று எல்லாரும் நம்புகிறார்கள். பழைய சைட் எதுவும் நின்றுவிடக் கூடாது என்று பிரவுசர் செய்பவர்கள் படும் பாடு யாருக்கும் தெரிவதில்லை. சைட்டுகளை இயக்கும் ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் 'ஃப்ளாட்டன்' என்றொரு வசதியைச் சேர்க்க இருந்தார்கள். மூடூல்ஸ் என்ற பழைய லைப்ரரி (சைட் எழுதுபவர்கள் எடுத்துப் பயன்படுத்தும் ஆயத்த நிரல் தொகுப்பு) அதே பெயரை முன்பே எடுத்திருந்தது. அதை நம்பிய சைட்டுகள் உடையும் என்று 2018-இல் தெரிந்ததும், பேச்சுவார்த்தைக்குப் பிறகு புது வசதியின் பெயரையே 'ஃப்ளாட்' என்று மாற்றிவிட்டார்கள். ஃபயர்பாக்ஸில் 'அபவுட் கம்பாட்' பக்கத்தைத் திறந்தால், எந்தெந்த சைட்டுக்காகத் தனியாக ஒட்டுப் போட்டிருக்கிறார்கள் என்ற பட்டியலே வரும்.

பெரும்பாலும் உடைவது, சைட் எழுதியவர் அன்றைய அவசரத்துக்குப் போட்ட ஒட்டு. பிரவுசரின் பதிப்பு எண்ணைப் படித்து, பழசு என்றால் உள்ளே விடாதே என்று எழுதிய வரி. அதிலும் முதல் இரண்டு இலக்கத்தை மட்டும் படிக்க எழுதியவர்கள் உண்டு. 2022 மார்ச்சில் வந்த குரோம் 100-ஐ அந்த வரி 10 என்று படித்து, பழசு என்று தடுத்துவிடும். இதைக் கூகுளும் ஃபயர்பாக்ஸ் செய்யும் மொசில்லாவும் முன்கூட்டியே எச்சரித்து, சோதித்துப் பார்க்க வழியும் கொடுத்திருந்தன. டெவலப்பர் தம்பிகளே, பதிப்பு எண்ணை நம்பாதீர்கள். வேண்டிய வசதி இருக்கிறதா என்று பிரவுசரிடமே கேட்டு எழுதுங்கள். பிரவுசரின் பீட்டா பதிப்பில் (எல்லாருக்கும் வருமுன் விடும் சோதனைப் பதிப்பு) மாதம் ஒருமுறை உங்கள் சைட்டை ஓட்டிப் பாருங்கள்.

பிரவுசரில் நிஜமாகவே எடுத்துவிட்டவையும் உண்டு. சைட்டில் வீடியோ, கேம் ஓட்டிய ஃப்ளாஷ் 2020 டிசம்பரோடு முடிந்தது. விண்டோஸ் 7-க்கு குரோம் 109-தான் கடைசி. அந்த கம்ப்யூட்டரில் பணம் தொடர்பான எதையும் செய்யாதீர்கள். இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் மட்டும் ஓடும் சைட்டுக்கு மைக்ரோசாஃப்டின் எட்ஜ் பிரவுசரில், அதைப் பழைய முறையிலேயே திறக்கும் 'ஐஇ மோடு' இருக்கிறது.

அப்டேட்டை இன்றே திறந்து விடுங்கள். அப்டேட்டில் அடைத்த பாதுகாப்பு ஓட்டைகளின் விவரம் பின்னால் வெளியே வந்துவிடும்; அப்டேட் போடாத கம்ப்யூட்டரில் அவை திறந்தே கிடக்கும். சைட் ஓடாவிட்டால் இன்னொரு பிரவுசரில் திறந்து பாருங்கள். அதிலும் ஓடாவிட்டால் ஸ்கிரீன்ஷாட்டையும் பிரவுசரின் பதிப்பு எண்ணையும் சைட் செய்து தந்தவருக்கு அனுப்புங்கள். "பழைய குரோம் போட்டுக்கங்க" என்று அவர் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். காசு கொடுத்திருக்கிறீர்கள், சரிசெய்து தரச் சொல்லிக் கேளுங்கள்.