வாழைப்பழத் தோலுக்குக் காற்று வேண்டும்

2022 ஏப்ரல் 27 அன்று சென்னை பெருங்குடி குப்பைக் கிடங்கில் பிடித்த தீ, நாட்கணக்கில் அணையாமல் புகைந்தது. சுற்றுப்புற வீடுகளில் மக்கள் புகையில் மூச்சுத் திணறினார்கள். இப்படிப்பட்ட தீக்கு எரிபொருளை நாமேதான் தினமும் அனுப்பிவைக்கிறோம். அதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை.

ஒரு வாழைப்பழத் தோலை மரத்தடியில் போட்டால், காற்றிலுள்ள ஆக்சிஜனைக் கொண்டு பாக்டீரியாவும் பூஞ்சைகளும் அதைச் சிதைக்கின்றன. கரியமில வாயுவும் நீரும் வெளியேற, மிஞ்சுவது எரு. அதே தோலைப் பிளாஸ்டிக் பையில் முடிச்சுப் போட்டுக் குப்பை மேட்டின் ஆழத்தில் புதைத்தால் கதையே வேறு. உள்ளே இருக்கும் ஆக்சிஜன் விரைவில் தீர்ந்துபோகும். பிறகு காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் வேலையைத் தொடங்குகின்றன. முதலில் அவை தோலை அமிலங்களாக மாற்றுகின்றன. குப்பை லாரி கடக்கும்போது மூக்கைத் துளைக்கும் புளித்த வாடை அதுதான். அடுத்து வருபவை மீத்தேனை உண்டாக்கும் நுண்ணுயிர்கள். மாட்டின் வயிற்றிலும் நெல்வயல் சேற்றிலும் இருப்பவை இவற்றின் உறவினர்கள்தாம். சாண எரிவாயுக் கலனில் இவை அடுப்பெரிக்க உதவுகின்றன. குப்பை மேட்டிலோ அந்த வாயுவைப் பிடித்துவைக்க ஆளில்லை.

மேட்டிலிருந்து கசியும் வாயுவில் ஏறத்தாழ பாதி மீத்தேன். நூறாண்டுக் கணக்கில் பார்த்தால், அதே எடையுள்ள கரியமில வாயுவைவிட 27 மடங்குக்கும் மேல் அது புவியைச் சூடாக்கும். காற்றில் 5 முதல் 15 சதவீதம் வரை கலந்திருந்தால் ஒரு பொறி போதும், பற்றிக்கொள்ளும்.

தோல் மாறிய அந்த அமிலங்கள் கலந்து குப்பையிலிருந்து கசியும் நீரும் சும்மா இருப்பதில்லை. பழைய பேட்டரிகளின் உலோகங்களைக் கரைத்துக்கொண்டு கீழே இறங்குகிறது. பெருங்குடி கிடங்கு இருப்பதோ பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில். உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈர நிலங்களின் பட்டியலான ராம்சர் பட்டியலில் 2022-இல் இடம்பெற்ற, பறவைகள் வந்து தங்கும் நிலம் அது.

நம் ஊர் வீட்டுக் குப்பையில் எடைக்கணக்கில் பெரும்பங்கு காய்கறிக் கழிவும் மீந்த சோறும்தான். இந்த ஈரம் ஒன்றை விலக்கிவிட்டால் மற்றவை பிழைத்துக்கொள்ளும். சாம்பார் ஊறிய அட்டைப்பெட்டியை எந்தக் காயலாங்கடையிலும் வாங்க மாட்டார்கள். காய்ந்த பெட்டிக்குக் காசு உண்டு. அலுமினியத்தை உருக்கி மீண்டும் பயன்படுத்த, தாதுவிலிருந்து எடுக்கச் செலவாகும் ஆற்றலில் சுமார் 5 சதவீதமே போதும். மட்கும் குப்பை, மட்காத குப்பை, பேட்டரி போன்ற அபாயக் குப்பை என மூன்றாகப் பிரித்துத் தர வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டு திடக்கழிவு விதிகளே சொல்லின. நாம் பிரிக்காததைத் தூய்மைப் பணியாளர் ஒருவர் தம் கையால் பிரிக்கிறார். இதை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

துளையிட்ட மண்பானை ஒன்று போதும், வீட்டிலேயே எரு தயாரிக்கலாம். காய்கறித் தோலில் நைட்ரஜன் அதிகம், சருகிலும் தேங்காய் நாரிலும் கார்பன் அதிகம். ஒரு பங்கு நைட்ரஜனுக்குச் சுமார் 30 பங்கு கார்பன் இருந்தால் நுண்ணுயிர்கள் செழிக்கும். அளந்துகொண்டிருக்க வேண்டாம், மூக்கே காட்டிக்கொடுக்கும். புளித்த வாடை வந்தால் பானைக்குள் காற்று போதவில்லை என்று பொருள். இரண்டு கை சருகு போட்டு அடிவரை கிளறிவிடுங்கள்.