வெள்ளைக் கோழிக்குக் கறுப்புக் குஞ்சு எப்படிப் பிறக்கிறது?

பாகூரில் என் பெரியம்மா வளர்க்கும் வெள்ளைப் பெட்டை, சென்ற தை மாதம் 11 குஞ்சுகள் பொரித்தது. அது கூடிய சேவலும் வெள்ளைதான். காராமணிக்குப்பம் சந்தையில் வாங்கியது. ஆனால் பஞ்சாரத்தைத் தூக்கிப் பார்த்தபோது, மஞ்சள் குஞ்சுகளுக்கு நடுவே 3 குஞ்சுகள் கரித்துண்டுபோல் நின்றன. பக்கத்துத் தெருக் கறுப்புச் சேவல் வேலி தாண்டி வந்திருக்கும் என்று பெரியம்மா உடனே தீர்ப்புச் சொல்லிவிட்டார். அதற்கும் இடமுண்டு, ஒருமுறை சேர்ந்த சேவலின் விந்தணுக்களைப் பெட்டைக்கோழி தன் கருக்குழாயில் 2 முதல் 3 வாரம் வரை உயிரோடு சேமித்து வைத்திருக்கும் என்பதால், என்றோ வந்துபோன சேவலுக்கும் இன்றைய முட்டையில் பங்கிருக்கலாம். ஆயினும், அந்தச் சேவல் வேலியை எட்டிக்கூடப் பார்க்காதிருந்தாலும் இந்த 3 குஞ்சுகள் பிறந்திருக்க முடியும்.

கோழி இறகின் நிறங்களுக்கு அடிப்படை இரண்டே நிறமிகள்: கறுப்பைத் தரும் யூமெலனின், செம்மையும் பொன்னிறமும் தரும் ஃபியோமெலனின். இறகு முளைக்கும் குழியில் உள்ள நிறமிச் செல்கள் இவற்றைச் சிறு மணிகளாக்கி, வளர்ந்துகொண்டிருக்கும் இறகுக்குள் செலுத்துகின்றன. வளர்ந்து முடிந்த இறகு நம் நகத்தைப்போல உயிரற்றது. அது உதிர்ந்து புதிய இறகு முளைக்கும்போதுதான் நிறம் மாற வாய்ப்பு வரும். (கறுஞ்சேவலின் வாலில் வெயில் பட்டால் மின்னும் பச்சை, தனி நிறமி அன்று, இறகின் நுண்ணடுக்குகளில் ஒளி பட்டுத் திரும்பும் விளையாட்டு.) வெள்ளை இறகில் நிறமி இல்லை, அவ்வளவே.

ஆனால் நிறமி இல்லாமற்போவதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் உண்டு. குறிஞ்சிப்பாடித் தறிக்காரர்களின் பாஷையில் சொன்னால், சாயமே இல்லாதது ஒரு வகை. சாயம் இருந்தும் அது படிய நூல் சரியில்லாதது இன்னொரு வகை. முதல் வகையில், டைரோசினேஸ் என்னும் நொதிக்கான மரபணுவுக்குள் பழைய வைரஸ் ஒன்றின் துணுக்கு செருகிக்கொண்டிருப்பதால் இறகில் நிறமி உருவாவதில்லை. இது ஒடுங்கு வெள்ளை. தாயும் தந்தையும் ஆளுக்கொரு பிரதி கொடுத்தால்தான் வெளியே தெரியும். ஆகவே கறுப்புக்குக் கறுப்பு சேர்த்தாலும் என்றாவது ஒரு வெள்ளைக் குஞ்சு வரும். இரண்டாம் வகையில், நிறமி மணி உருவாகும்போது மெலனின் படிய வேண்டிய நுண்ணிழைகளுக்கான மரபணு மாறியிருக்கும். இது ஓங்கு வெள்ளை. ஒரு பிரதி இருந்தாலே கறுப்பு மறைந்துவிடும். ஆனால் செந்நிறத்தின் மேல் இதற்கு அவ்வளவு பிடி இல்லை. வெள்ளை லெகார்ன் கோழியின் வெள்ளை இந்த வகையைச் சேர்ந்தது.

பெரியம்மாவின் பெட்டையும் சேவலும் ஓங்கு வெள்ளையில் ஆளுக்கு ஒரே பிரதி வைத்திருந்து, மற்றொரு பிரதி சாதாரணமானதாக இருந்தால், குஞ்சுகளில் சராசரியாக 4-க்கு 1 அந்த வெள்ளையைப் பெறாமலே பிறக்கும். 11-க்கு 3 என்பது அந்தக் கணக்கோடு ஒட்டித்தான் வருகிறது. ஒற்றைப் பிரதி வெள்ளையில் அங்கங்கே கறுப்புக் கசிவதும் உண்டு. பெட்டையைப் பிடித்துக் கழுத்து இறகை விலக்கிப் பார்த்தேன். மிளகைத் தட்டித் தூவியதுபோல நாலைந்து கறுப்புப் புள்ளிகள் இருந்தன.

இதைவிடச் சுவையானது, பாலோடு பிணைந்த நிறம். மனிதரில் பிள்ளை ஆணா பெண்ணா என்பது தந்தையைப் பொறுத்தது. கோழியில் தாயைப் பொறுத்தது. சேவலுக்கு இரண்டு இசட் குரோமோசோம்கள். பெட்டைக்கு ஓர் இசட்டும் ஒரு டபிள்யூவும். எனவே பெட்டை தன் ஒரே இசட்டை மகனுக்கு மட்டுமே கொடுக்கும், மகளுக்கு டபிள்யூதான். இறகில் குறுக்குப் பட்டை போடும் மரபணு இந்த இசட்டில் இருக்கிறது. பட்டைப் பெட்டையைக் கறுப்புச் சேவலோடு சேர்த்தால், மகன்கள் எல்லாம் பட்டை, மகள்கள் எல்லாம் கறுப்பு. பொரித்த அன்றே தெரியும்: ஆண் குஞ்சின் உச்சந்தலையில் வெளிறிய பொட்டு இருக்கும், பெண் குஞ்சுக்கு இராது. பொன்னிறத்தை வெள்ளி நிறமாக்கும் மரபணுவும் இசட்டில்தான் உள்ளது. வெள்ளிப் பெட்டைக்குப் பொன்னிறச் சேவலைச் சேர்த்தால் வெளிர்ந்த குஞ்சு ஆண், செம்பழுப்புக் குஞ்சு பெண். பழுப்பு முட்டைக் கோழிப் பண்ணைகள் பலவற்றில் நாளொன்றுக் குஞ்சுகளைப் பிரிப்பது இதை வைத்துத்தான். சோடியை மாற்றிச் சேர்த்தால் வித்தை பலிக்காது. கலப்பற்ற பட்டைச் சேவலுக்கும் கறுப்புப் பெட்டைக்கும் பிறப்பவை அனைத்தும் பட்டையே. இந்த மரபணுக்களைப் பொறுத்தவரை பெட்டையிடம் ஒளிவுமறைவு இல்லை, இருப்பது ஒரே பிரதி என்பதால். உள்ளே ஒன்று வெளியே ஒன்று வைத்திருப்பது சேவல்தான்.

சாம்பல் நிறக் கோழியை விரும்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்த நிறம் ஒரு பிரதியால் வருவது. இரண்டானால் அழுக்கு வெள்ளையில் சாம்பல் திட்டு. சாம்பலுக்குச் சாம்பல் சேர்த்தால் பாதிதான் சாம்பலாகும். கறுப்பையும் திட்டு வெள்ளையையும் சேருங்கள். அத்தனை குஞ்சும் சாம்பல்.

சந்தையில் வாங்கிய சேவலின் உள்ளிருப்பை அறியக் கண் போதாது, சோதனைக் கூட்டு வேண்டும். பெரியம்மாவின் கறுப்புப் பெட்டை ஒன்றை 3 வாரம் தனியே அடைத்துவைத்துவிட்டு, பிறகு அந்த வெள்ளைச் சேவலோடு மட்டும் விட்டிருக்கிறோம். முட்டைகளில் பென்சிலால் தேதி எழுதுகிறோம். குஞ்சுகளில் ஏறக்குறைய பாதி கறுத்துப் பிறந்தால் சேவலிடம் ஓங்கு வெள்ளை ஒற்றைப் பிரதியாக இருக்கிறது. ஒன்றுகூட வெள்ளையில்லை என்றால் அது பெரும்பாலும் ஒடுங்கு வெள்ளை. எல்லாமே வெள்ளையானால் பக்கத்துத் தெருச் சேவல்மேல் பெரியம்மா சுமத்திய பழி நிற்கும். ஒற்றைப் பிரதிச் சேவலுக்கு 10 குஞ்சும் வெள்ளையாகவே பிறக்க 1024-ல் ஒரு வாய்ப்புத்தான் உண்டு. பெட்டை நேற்று அடையில் உட்கார்ந்தது. பொரிக்க இன்னும் 20 நாள் இருக்கிறது.